தசைநோயுள்ள பிள்ளையின் மூச்சைக் காப்பது: மலையக வீடுகளுக்கான விளக்கம்

2021இல் இந்தியாவில் குழந்தைகளின் ஒற்றை ஊசிக்காக 16 கோடி இந்திய ரூபாய் திரட்டப்பட்ட செய்திகள் வட்ஸ்அப் வழியாக இலங்கையின் மலையகத்துக்கும் வந்துசேர்ந்தன. நடக்க முடியாத பிள்ளை உள்ள வீடுகளில் அதிலிருந்து ஒரு கேள்வி தங்கிவிட்டது: அந்த ஊசியைப் போட்டால் எங்கள் பிள்ளையும் எழும்பி நடக்குமா? பெரும்பாலான வீடுகளுக்கு விடை 'இல்லை' என்பதுதான். பணம் இல்லாதது ஒரு காரணம். அந்த ஊசி வேறொரு நோய்க்கானது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்தக் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி அமுங்கிக் கிடக்கிறது. ஊசி கிடைக்காத பிள்ளைக்கு இன்றைக்கு, இந்த லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), என்ன செய்யலாம்? செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்லோரும் காலைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். ஆனால் இந்தப் பிள்ளைகளின் உயிரை எடுப்பது பெரும்பாலும் இருமத் தெரியாத நெஞ்சும் களைத்துப்போன இதயமும்தான். வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையின் பெரும்பகுதி நெஞ்சைப் பற்றியது.

எந்த நோய், எந்த ஊசி

கையை அசைக்க மூளை இடும் கட்டளை முள்ளந்தண்டிலுள்ள இயக்க நரம்புக் கலத்துக்கு வந்து, நரம்பு வழியே ஓடி, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாண்டித் தசையைச் சுருங்க வைக்கிறது. இந்த வழியில் எங்கே பழுது வந்தாலும் வெளியே தெரிவது பலவீனம் ஒன்றுதான். அதனால்தான் பல நோய்களை 'தசைநோய்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். பிள்ளைகளில் அதிகம் காணப்படுபவை இரண்டு.

1. டுஷேன் தசைச்சிதைவு. தசைநாரின் சவ்வைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாவதில்லை. கிட்டத்தட்ட ஆண் பிள்ளைகளை மட்டுமே பாதிக்கும். 3,500 முதல் 5,000 ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் அடிக்கடி விழத் தொடங்குவான். தரையிலிருந்து எழும்பும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறுவான். மருந்து இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடும்.

2. முள்ளந்தண்டுத் தசை நலிவு, சுருக்கமாக எஸ்.எம்.ஏ. பழுது தசையில் இல்லை, முள்ளந்தண்டின் நரம்புக் கலத்தில். ஏறக்குறைய 10,000 பிறப்புகளில் ஒன்று. ஆண், பெண் இருபாலாருக்கும் வரும். மருந்து இல்லாவிட்டால், முதலாம் வகைக் குழந்தை ஒருபோதும் தானாக உட்காராது. இரண்டாம் வகை உட்காரும், நடக்காது. மூன்றாம் வகை நடக்கும், பிறகு அதை இழக்கலாம். இந்தப் பிள்ளைகளின் அறிவில் எந்தக் குறையும் இல்லை.

செய்தியில் வந்த ஊசி எஸ்.எம்.ஏ.க்கானது. 2019இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தபோது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு என்றே கொடுத்தது. அறிவித்த விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டொலர். எஸ்.எம்.ஏ.க்கு வேறு இரண்டு மருந்துகளும் உண்டு: முள்ளந்தண்டு நீருக்குள் ஏற்றும் நுசினெர்சென் (2016), வாயால் குடிக்கும் ரிஸ்டிப்ளாம் (2020). மூன்றும் எஞ்சியிருக்கும் நரம்புக் கலங்களைக் காப்பாற்றுகின்றன, செத்துப்போனவற்றை உயிர்ப்பிப்பதில்லை. டுஷேன் உள்ள பையனுக்கு இவற்றால் ஒரு பயனும் கிடையாது. நிதி திரட்டும் சுவரொட்டி அச்சடிக்க ஓடும் முன், பிள்ளைக்கு எந்த நோய் என்பது மரபணுப் பரிசோதனையால் எழுத்தில் உறுதியாக வேண்டும்.

அந்த உறுதி தாமதமாவதற்கு இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். டுஷேன் பையனின் இரத்தத்தில், ஈரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் கூடியிருக்கும். ஈரல் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கு மருந்து எடுக்கிறார்கள். இவை ஈரலிலிருந்து மட்டுமன்றி, உடையும் தசையிலிருந்தும் வருபவை. விழுந்து எழும்பும் பையனுக்கு, தசை உடைவதைக் காட்டும் சி.பி.கே. என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். டுஷேன் என்றால் அது சாதாரண அளவைப்போல பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். தடித்த கெண்டைக்காலைப் பார்த்து 'பலமான பிள்ளை' என்று சொல்வதும் இதே தாமதத்தில்தான் கொண்டுபோய் விடும்.

சாதாரணத் தடிமன் ஏன் நியூமோனியா ஆகிறது

ஒரு நல்ல இருமலுக்கு மூன்று படிகள் தேவை. முதலில் ஆழமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு தொண்டையை மூடிக் காற்றை அடைத்துப் பிடிக்க வேண்டும். கடைசியில் வயிற்றுத் தசைகள் சட்டென்று இறுகிக் காற்றை வெளியே தள்ள வேண்டும். தசைநோய்ப் பிள்ளைக்கு முதலாவதும் மூன்றாவதும் குறைந்துகொண்டே போகும். சளி நெஞ்சில் தேங்கும், ஒரு பகுதி நுரையீரல் சுருங்கி அடைபடும், அதில் கிருமி பெருகும். தடிமன் பிடித்த மூன்றாம் நான்காம் நாள் திடீரென்று மூச்சு முட்டுவதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் ஈரத்துணிகளும் அடுப்புப் புகையும் ஒரே கூரைக்குக் கீழே சேரும் லயத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இருமலின் பலத்தை அளக்க விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஆஸ்துமா கிளினிக்கில் ஊதச் சொல்லும் சிறு குழாயான பீக் ஃப்ளோ மீற்றரில் பிள்ளையை இருமச் சொன்னால் போதும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு நிமிடத்துக்கு 270 லீற்றருக்குக் கீழே வந்தால் இருமலுக்கு உதவி தேவை. தடிமன் நாட்களில் அது இன்னும் விழும். 160க்குக் கீழே என்றால் அந்த இருமலால் சளியை வெளியே கொண்டுவர முடியாது. ஒவ்வொரு கிளினிக்கிலும் இந்த எண்ணைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்தால், விழுகிற வேகம் கண்ணுக்குத் தெரியும்.

இருமலுக்கு உதவும் முறை

இதைப் புத்தகத்தில் படித்துச் செய்யக் கூடாது. இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருமுறை பிள்ளையின் மேல் செய்து காட்ட வேண்டும், அவர் முன்னிலையில் வீட்டார் செய்து காட்ட வேண்டும். சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்கும் வயதுப் பிள்ளைக்கான படிகள் இவை. தேவைப்படுவது வைத்தியசாலைகளில் பாவிக்கும் கைப்பை (அம்பு பை), வாய்க்குழாய் அல்லது முகமூடி, இடையில் பொருத்தும் ஒருவழி வால்வு.

1. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு மேலே வந்து நெஞ்சுக்குள் போகும்.
2. பிள்ளையைத் தலையணைகள் வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். தலை பின்னால் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
3. பிள்ளை மூச்சை இழுக்கும் அதே நேரத்தில் பையை மெதுவாக அமத்துங்கள். மூச்சை விடாமல் அதன் மேலேயே இரண்டாவது, மூன்றாவது தடவை. நெஞ்சு நிறைந்ததும் பிள்ளை கண்ணாலோ விரலாலோ சைகை காட்டும். அதற்கு மேல் ஒரு தடவைகூட வேண்டாம்.
4. மூன்று முதல் ஐந்து விநாடி பிடித்து வைத்திருக்கச் சொல்லி, 'இருமு' என்று சொல்லுங்கள். அதே கணத்தில், விலா எலும்புக்குக் கீழே வைத்த இரு உள்ளங்கைகளால் வயிற்றை உள்ளும் மேலும் தள்ளுங்கள். விலாவை அமத்தக் கூடாது. ஸ்டீரொயிட் (டுஷேனுக்குக் கொடுக்கும் மருந்து) எடுக்கும் பிள்ளைக்கு எலும்பு இலகுவில் முறியும்.
5. இப்படி மூன்று முதல் ஐந்து சுற்று. நல்ல நாட்களில் காலையும் மாலையும். தடிமன் நாட்களில் சளி கரகரக்கும் போதெல்லாம்.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பையை வேகமாக அமத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் ஊதும். திடீர் நெஞ்சு வலியோ சளியில் இரத்தமோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: ஒருவழி வால்வு பொருத்திய பையை மூச்சு நின்ற பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கப் பாவிக்கவே கூடாது. அந்த வால்வு காற்றை வெளியே விடாது. அந்தப் பையில் சிவப்பு நாடா ஒட்டி 'இருமலுக்கு மட்டும்' என்று எழுதுங்கள். உயிர் காக்கும் பை வேறாக, வால்வு இல்லாமல், கட்டில் தலைமாட்டில் தொங்க வேண்டும்.

வாய்க்குள் வரும் சளியை உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்கலாம். குழாயைக் கண்ணுக்குத் தெரியும் இடம்வரை மட்டுமே விட வேண்டும். ஒரு தடவைக்கு பத்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. மின்சாரம் போனால் காலால் மிதிக்கும் உறிஞ்சி கைகொடுக்கும்.

இருமலை அடக்கும் சிரப்பும், தூக்கம் வரவைத்துச் சளியைக் காயவைக்கும் தடிமன் குளிசையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. கடையில் வாங்கிக் கொடுக்கும் இந்த இரண்டும் செய்யும் தீமை சின்னதல்ல. இருக்கும் கொஞ்ச இருமலையும் அவை பறித்துவிடும்.

இரவு மூச்சு

தூக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு ஆழம் குறையும். பலவீனமான பிள்ளைக்கு அது போதாமல் போய், காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கும். பகலில் மூச்சு வாங்காது, நெஞ்சு இழுக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியவை: காலையில் எழும்பியதும் தலையிடி, காலைச் சாப்பாட்டில் வெறுப்பு, இரவில் பல தடவை 'புரட்டி விடுங்க' என்று கூப்பிடுவது, கெட்ட கனவு, பகலில் வகுப்பில் தூங்கி விழுவது. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

தீர்வு, முகமூடி வழியாக இரவில் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் பைபேப் என்ற சிறு இயந்திரம். இது எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட கணக்கு போதும். 1960களில் அவர்களிடம் வந்த டுஷேன் நோயாளர் சராசரியாக 14.4 வயதில் இறந்தார்கள். 1990க்குப் பிறகு இரவு சுவாசக் கருவி பெற்றவர்களுக்கு அது 25.3 வயது. எந்த ஊசியும் இல்லாமல் கூடிய ஆண்டுகள் இவை.

அழுத்த அளவுகளை மருத்துவர் மட்டுமே வைக்க வேண்டும். ஆனால் மலைக்குளிர் காம்பராவில் இந்த இயந்திரம் ஓடும்போது வரும் சிக்கல்களை வீட்டார்தான் கையாள வேண்டியிருக்கும்.

- இளஞ்சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகும். இரவில் குழாய் களகளவென்று சத்தம் போடும். தண்ணீர் முகத்துக்கே வரும். இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்ந்த பலகையில் வையுங்கள். குழாயைக் கம்பளிக்குள் கொண்டுபோங்கள், அல்லது பழைய ஸ்வெட்டர் கையைக் குழாயின் மேல் மாட்டிவிடுங்கள்.
- ஈரப்பதத் தொட்டியில் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. வடித்த நீர் கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய நீர். தினமும் மாற்ற வேண்டும்.
- விறகடுப்புப் புகை உள்ள வீட்டில் காற்று வடிகட்டி சீக்கிரம் கறுக்கும். கழுவக்கூடிய பஞ்சு வடிகட்டியை வாரம் இரண்டு தடவை பாருங்கள். கட்டில் அடுப்படிச் சுவரோடு இருக்கக் கூடாது. முன் காம்பராவில், யன்னல் உள்ள பக்கம் இருக்கட்டும்.
- முகமூடியைத் தானே கழற்ற முடியாத பிள்ளைக்கு மூக்கை மட்டும் மூடும் முகமூடியே பாதுகாப்பு. வாயையும் மூடும் முகமூடியில் வாந்தி வந்தால் அது நெஞ்சுக்குள் போகும். கூப்பிடும் தூரத்தில் யாராவது படுக்க வேண்டும்.

மின்சாரம் போகும் இரவுக்கான கணக்கு

மாலை இடிமழையிலும் பருவமழையிலும் மின்சாரம் போவது தோட்டத்துக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதையும் மின்சாரமும் ஒன்றாகவே போயின. இரவு முழுக்க இயந்திரத்தில் மூச்சு விடும் பிள்ளைக்கு பற்றரி கட்டாயம். கணக்கு இதுதான்:

1. ஈரப்பதத் தொட்டியின் சூடு இல்லாமல் பைபேப் சுமார் 40 வாட்ஸ் எடுக்கிறது என்று கொள்வோம். எட்டு மணித்தியாலத்துக்கு 320 வாட்-மணி.
2. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய-அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும்; ஆகவே கையில் இருப்பது 600.
3. இன்வேர்ட்டரில் 15 வீதம் வீணாகும். மிச்சம் 510 வாட்-மணி. 40ஆல் பிரித்தால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல்.
4. தொட்டியின் சூட்டையும் போட்டால் இன்னும் 50, 60 வாட்ஸ் கூடும். ஐந்து மணித்தியாலத்தில் தீரும். மின்சாரம் போனதும் முதலில் சூட்டை நிறுத்துங்கள்.

இயந்திரத்தின் அடியில் எழுதியிருப்பது உச்ச அளவு; உண்மையில் எடுப்பது குறைவு. நல்ல நாளொன்றில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பற்றரியில் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று பகலில் பார்த்துக்கொள்வதே நம்பகமான அளவு. வாகனத்தை ஸ்டார்ட் பண்ணும் பற்றரி இதற்கு உதவாது. சோலாருக்குப் பாவிக்கும் 'டீப் சைக்கிள்' பற்றரி வேண்டும். இன்வேர்ட்டர் 'சைன் வேவ்' வகையாக இருக்க வேண்டும். பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும் என்பதால், அதைக் காற்றோட்டமுள்ள இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) மரப்பெட்டிக்குள் வையுங்கள். அடுப்பருகே ஒருபோதும் வேண்டாம். இடி மின்னல் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள்.

எல்லாமே நின்றால் கைப்பைதான் மிச்சம்: மூன்று விநாடிக்கு ஒரு அமத்தல், நெஞ்சு இலேசாக உயரும் அளவு மட்டும்.

மண்சரிவு அபாயமுள்ள பிரிவுகளில் இன்னொரு முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். சுகமான ஆட்கள் அதுவரை பொறுக்கலாம். பிள்ளை, இயந்திரம், பற்றரி, கதிரை என நான்கையும் நனையும் படிக்கட்டில் சுமக்க வேண்டிய குடும்பம் மஞ்சளிலேயே கிளம்பிவிட வேண்டும். மின்சாரம் உள்ள இடமா என்று விசாரித்த பிறகே தங்குமிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒட்சிசன்: நல்லது செய்யப் போய்க் கெடுதல்

மூச்சுத்தசை பலவீனமான பிள்ளைக்குக் குறைபாடு காற்றைத் தள்ளுவதில். ஒட்சிசனை மட்டும் மூக்கில் வைத்தால் விரலில் மாட்டும் மீற்றர் காட்டும் இரத்த ஒட்சிசன் வீதத்தின் எண் அழகாக ஏறும். உள்ளே காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே இருக்கும். பிள்ளை தூங்குவது போல மயங்கிவிடும். அவசரத்தில் ஒட்சிசன் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பைபேப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், காபனீரொட்சைட்டையும் அளக்க வேண்டும்.

மீற்றரை வாசிப்பதிலும் மலைநாட்டுக்கென்று கணக்கு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். சுகமான பிள்ளைக்கே எண் இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம். ஆகவே, கொழும்பில் சொன்ன '95' என்ற எல்லையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல், நல்ல நாட்களில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து பிள்ளையின் சொந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து மூன்று குறைந்தால் முதல் வேலை இருமல் உதவி. சளி வந்தும் ஏறாவிட்டால் வைத்தியசாலை. குளிர்ந்த விரலில் மீற்றர் பொய் சொல்லும். கையைச் சூடாக்கி, அது காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் எண்ணும் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

இறக்கம், படிக்கட்டு, கதிரை

டுஷேன் பையன்களின் வீடுகளில் 'ஏற விடாதீங்க, இறங்கினா பரவாயில்லை' என்பார்கள். உண்மை நேர்மாறானது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசைநார் கிழிவது அப்படிப்பட்ட வேலையில்தான். பாடசாலை விட்டு இரண்டு மைல் இறக்கத்தில் வரும் பையன் மறுநாள் கால் வலி என்று படுத்தால் அது சோம்பல் அல்ல. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்துக்கு வருகிறது என்று பொருள், அன்றே வைத்தியசாலை. முடிந்தால் இறங்கும் பக்கத்துக்கு ஆட்டோவோ தோளோ ஒழுங்கு செய்யுங்கள். வகுப்பறை கீழ்த்தளத்தில் இருக்கட்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

குதிகால் தசைநாண் சுருங்காமலிருக்க, வாரம் ஐந்து ஆறு நாள் நீட்டல் பயிற்சி வேண்டும். முழங்காலை நேராக வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையால் பாதத்தை மேலே தள்ளி, இழுவை தெரியும் இடத்தில் 20, 30 விநாடி பிடித்து, பத்து தடவை. வலித்தால் அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். தினமும் அரை மணித்தியாலம் குப்புறப் படுப்பது இடுப்புச் சுருக்கத்துக்கு நல்லது.

சக்கர நாற்காலி கிடைக்கும்போது அளவைக் கேட்காமல் வாங்கிவிடுகிறோம். பெரியவருக்கான அகலக் கதிரையில் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து உட்காரும். நடை நின்ற பிறகு முதுகு வளைவது இதனால் இன்னும் கூடும். ஆசன அகலம் இடுப்பைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டுமே கூடுதலாக இருக்கலாம். தொங்கும் துணி ஆசனத்தின் மேல் அரை அங்குல ஒட்டுப்பலகையும் அதன்மேல் இரண்டு அங்குல ஸ்பொஞ்சும் போடுங்கள். சரிவுப்பாதைக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. லயத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள இருபது படிக்கு அது நடக்காது. அங்கே இருவர் சுமக்க வேண்டும்: இடுப்புப் பட்டி கட்டி, பலமானவர் பின்னால் கைப்பிடியில், மற்றவர் முன்னால் சட்டத்தில். கழறும் கைதாங்கியிலோ கால்தாங்கியிலோ பிடித்தால் அது கையோடு வந்துவிடும். பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. தோள் பலமில்லாததால் அப்படியே நழுவும்.

விழுந்து எலும்பு முறிந்த டுஷேன் பையன் சில மணித்தியாலத்தில் மூச்சுத் திணறி, பேச்சுக் குழம்பினால், எலும்பின் கொழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அது உயிராபத்து.

சாப்பாடும் ஸ்டீரொயிட்டும்

காய்ந்த கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தொண்டையில் நிற்கும். குழம்பில் ஊறவைத்துக் கொடுங்கள். தண்ணீர், பிளேன்டீ போன்ற மெல்லிய திரவங்களே இலகுவில் புரையேறும். நாடி (மோவாய்) சற்றுக் கீழே குனிந்திருக்க, சிறு கரண்டியில் கொடுக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகத் தொடங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள். எஸ்.எம்.ஏ. குழந்தையை நோய் நாட்களில் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது.

டுஷேனுக்கு ஸ்டீரொயிட் நடையை நீட்டும், மூச்சையும் முதுகையும் காக்கும். வழக்கமான அளவு பிரெட்னிசொலோன் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.75 மில்லிகிராம், மருத்துவரே அதைக் கூட்டிக் குறைப்பார். முகம் உப்புவதைப் பார்த்தோ, குளிசை முடிந்து பஸ் இல்லாததாலோ திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டை உருவாக்க மறந்திருக்கும். வாந்தி, தளர்ச்சி, மயக்கம் என்று போகும். வீட்டில் எப்போதும் இரண்டு வாரத்துக் குளிசை மேலதிகமாக இருக்க வேண்டும். குளிசை வயிற்றில் நிற்காமல் வாந்தி எடுத்தால் ஊசி மூலம் கொடுக்க வேண்டும். பையனுக்கு மூச்சு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை இதய எக்கோ அவசியம், இதயமும் தசைதான்.

யார் செய்வது

இவ்வளவையும் ஒரு தாய் தனியாகச் செய்ய முடியாது. காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனால்தான் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளையைப் புரட்டிய கையால் பகலில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் 'இன்னும் கவனமாகப் பாருங்கள்' என்று சொல்வது அநியாயம். இருமல் உதவியும் கைப்பையும் வீட்டில் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டியும் பக்கத்துக் காம்பராப் பிள்ளையும் அதில் சேரலாம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா (குழந்தை பராமரிப்பு நிலையம்) அம்மாவுக்கும் மிட்வைஃபுக்கும் காட்டி வையுங்கள். மாதாந்த உதவித்தொகைக்கும் கதிரைக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதென்றால் எக்கோ, இயன்மருத்துவம், இரத்தப் பரிசோதனை மூன்றையும் ஒரே நாளில் கேளுங்கள். ஒரு நாள் பேர் மிஞ்சும்.

பழியையும் தாயின் மேல் போடுகிறார்கள். எஸ்.எம்.ஏ.யில் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது; இருவரும் சுகமாகவே இருப்பார்கள்; ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் இவ்வகை நோய்கள் கூடுவது உண்மை. டுஷேனுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் பழுது புதிதாகவே தோன்றுகிறது. தாய் அதைச் சுமப்பவராக இருந்தால் அடுத்த ஆண் குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சகோதரிகளும் சுமக்கலாம், அவர்களின் இதயத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த கருவுக்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்க வேண்டியது இதனால்தான்.

கட்டில் தலைமாட்டு அட்டை

நள்ளிரவில் 1990 அம்பியூலன்ஸில் ஏறும்போது பேச நேரமிருக்காது. வைத்தியசாலை வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாமலும் போகலாம். கிளினிக் மருத்துவரிடம் கேட்டு, ஒரு பக்க அட்டையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி லெமினேட் செய்து வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. நோயின் பெயர், மரபணு அறிக்கைத் திகதி, எடை, நல்ல நாளின் ஒட்சிசன் எண்.
2. பைபேப்பின் அழுத்த அளவுகள். 'இயந்திரத்தையும் முகமூடியையும் பிள்ளையோடு அனுப்புகிறோம்' என்ற குறிப்பு.
3. 'பைபேப் இல்லாமல் ஒட்சிசன் மட்டும் வேண்டாம்.'
4. ஸ்டீரொயிட் பெயர், அளவு. 'நிறுத்த வேண்டாம், வாந்தி என்றால் ஊசி.'
5. மயக்க மருந்து தேவைப்பட்டால் 'சக்சமெத்தோனியம் கூடாது'. டுஷேன் பையனுக்கு அது இரத்தத்தில் பொட்டாசியத்தைப் பாயவைத்து இதயத்தை நிறுத்தும். மூச்சால் கொடுக்கும் மயக்க வாயுக்களும் ஆபத்தானவை என்பதை மயக்கமருந்து வைத்தியர் முன்கூட்டியே அறிய வேண்டும்.
6. அம்பியூலன்ஸ் ஏறிவரக்கூடிய இடம்: டிவிஷன் பெயர், லய இலக்கம், வாகனம் நிற்கும் சந்தி. லயம்வரை வாகனம் வராத இடங்களில், அழைப்பு எடுத்தவுடனேயே பிள்ளையை அந்தச் சந்திக்குச் சுமக்கத் தொடங்கும் இருவரின் பெயர்.